சத்திரமா, தங்குமிடமா? லூக்கா 2:7 பற்றிய ஒரு திறனாய்வு

கிறிஸ்து பிறப்புப் பண்டிகையையொட்டி நம் திருச்சபைகளில் நிகழ்த்தப்படும் நாடகங்களில் தவறாது இடம்பெறும் பாத்திரம் சத்திரக்காரன். யோசேப்பு கதவைத் தட்டுவார். மரியாள் களைப்புடன் நிற்பார். சத்திரக்காரன் ‘இடமில்லை’ என்று கடிந்து கதவை அடைப்பான். பின்னர் அருளுரை ஆற்றும் போதகர், ‘உங்கள் இருதயமாகிய சத்திரத்தில் ஆண்டவருக்கு இடமுண்டா?’ என்று வினவுவார். ஆனால் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைக் கூர்ந்து படிப்போர் இச்சத்திரக்காரனை அங்கே காண்பதில்லை. கதவு தட்டப்பட்டதாகவோ, எவரேனும் மறுத்ததாகவோ அங்கே ஒரு சொல்லும் இல்லை. தொழுவம், மாடு, கழுதை ஆகியவையும் அங்கில்லை. ஒரே வசனத்தின் மேல் இத்துணை பெரிய கட்டடம் எழுந்தது எவ்வாறு என்பதையும், அக்கட்டடம் திருமறை தாங்கக் கூடியதுதானா என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சொற்பொருள் பற்றிய சிறு வினாவாக இது தோன்றலாம். ஆயினும், யாரைக் குற்றவாளியாக நிறுத்தி நாம் நற்செய்தியை அறிவிக்கிறோம் என்ற பெரிய வினா இதனுள் அடங்கியுள்ளது.

1. உரைப்பகுதி சொல்வதும் சொல்லாததும்

அகுஸ்து இராயனின் கட்டளை (2:1), யோசேப்பு தாவீதின் ஊராகிய பெத்லகேமுக்குச் செல்லுதல் (2:4), அவர்கள் அங்கே இருக்கையில் பிரசவ காலம் நிறைவேறுதல் (2:6), குழந்தையைத் துணிகளில் சுற்றி முன்னணையில் கிடத்துதல் (2:7) என்ற வரிசையில் லூக்கா நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகக் கூறுகிறார். இவற்றுள் ஆறாம் வசனம் நம் கவனத்திற்குரியது. அவர்கள் அங்கே ‘இருக்கையில்’ நாள்கள் நிறைவேறின என்று கூறப்பட்டுள்ளதேயன்றி, வந்து சேர்ந்த அன்றிரவே பிள்ளை பிறந்ததாகக் கூறப்படவில்லை. இரவு நேரத்தில் அலைந்து திரிந்த தம்பதியர் என்ற சித்திரத்திற்கு உரைப்பகுதியில் ஆதாரமில்லை. மேய்ப்பர்களுக்குச் செய்தி வந்தது இரவில் என்பது உண்மை (2:8). ஆனால் அது பயணத்தின் இரவு என்று லூக்கா சொல்லவில்லை.

இன்னுமொன்று. யோசேப்பு அவ்வூருக்கு முற்றிலும் அந்நியரல்லர். தாவீதின் வம்சத்தார் என்ற முறையில்தான் அங்கே செல்கிறார். மரியாளுக்கும் யூதேயாவின் மலைநாட்டில் உறவினர் உண்டு. எலிசபெத்தின் வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கியதை லூக்காவே முன்னர்க் கூறியுள்ளார் (1:39, 56). உறவுமுறையும் குலவழியும் வாழ்வின் அடித்தளமாயிருந்த ஒரு சமுதாயத்தில், தன் குலத்தாரின் ஊருக்கு வந்த ஒருவர் வணிக விடுதியைத் தேடி அலைந்தார் என்பது எளிதில் நம்பத்தக்கதன்று.

2. ‘கட்டாலுமா’ என்னும் சொல்

நம் பழைய திருப்புதல் ‘சத்திரம்’ என்று வழங்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் நிற்பது ‘கட்டாலுமா’ என்னும் சொல். ‘அவிழ்த்தல்’, ‘இளைப்பாறத் தங்குதல்’ என்னும் பொருளுடைய வினையினின்று பிறந்தது இது. பயணி தன் மூட்டையையும் விலங்கின் சுமையையும் அவிழ்த்துத் தங்கும் இடம் என்பது இதன் அடிப்படைப் பொருள். சகேயுவின் வீட்டில் இயேசு தங்கச் சென்றதைப் பற்றி மக்கள் முறுமுறுத்தபோது (19:7) பயன்படுவதும் இவ்வினையே. அங்கே தங்குமிடம் ஒருவருடைய வீடு என்பதில் ஐயமில்லை.

லூக்கா இப்பெயர்ச்சொல்லை இன்னும் ஓரிடத்தில் ஆள்கிறார். பஸ்கா விருந்திற்கான ‘கட்டாலுமா’ எங்கே என்று வீட்டுத் தலைவரிடம் கேட்கும்படி இயேசு சீடரை அனுப்புகிறார் (22:11). அது ஒரு வீட்டின் மேல்தளத்திலுள்ள பெரிய அறை என்பதை அடுத்த வசனமே தெளிவாக்குகிறது. இதற்கு மாறாக, நல்ல சமாரியன் உவமையில், பணம் பெற்றுக்கொண்டு வழிப்போக்கர்க்கு இடமளிக்கும் விடுதியைக் குறிக்க லூக்கா வேறொரு சொல்லை, ‘பண்டொக்கெயோன்’ என்பதை, ஆள்கிறார் (10:34). அதற்கு ஒரு விடுதிக்காரனும் உண்டு. அவனுக்கு இரண்டு தெனாரியம் கொடுக்கப்படுகிறது. வணிக விடுதியைக் குறிக்கும் சொல் லூக்காவின் கையில் இருந்தது. விடுதிக்காரனைப் பாத்திரமாக்கவும் அவர் அறிந்திருந்தார். பிறப்பு வரலாற்றில் அவ்விரண்டையும் அவர் பயன்படுத்தவில்லை.

இவ்விடத்தில் அவசரப்பட்டு மறுகோடிக்குச் செல்வதும் தகாது. ‘கட்டாலுமா’ என்றால் வீட்டின் விருந்தினர் அறை மட்டுமே என்று சிலர் திட்டமாகக் கூறுவர். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பாகிய எழுபதின்மர் நூலை நோக்கின், இச்சொல்லின் பரப்பு விரிந்தது என்பது புலனாகும். மோசே எகிப்துக்குத் திரும்பும் வழியில் தங்கிய இடம் (யாத். 4:24), சீலோவில் அன்னாள் திரும்பிச் சென்ற தங்குமிடம் (1 சாமு. 1:18), சாமுவேல் சவுலை விருந்திற்கு அழைத்துச் சென்ற கூடம் (1 சாமு. 9:22) ஆகிய மூன்றையும் அந்நூல் இதே சொல்லால் குறிக்கிறது. வழியோரத் தங்கல், திருப்பயணியர் தங்கல், விருந்துக் கூடம் என இடத்திற்கேற்ப இச்சொல் பொருள் கொள்ளும். எனவே இதனைத் ‘தங்குமிடம்’ எனப் பொதுப்படக் கொள்வதே நேர்மையான முடிவு. அத்தங்குமிடம் எத்தகையது என்பதைச் சொல்லிலிருந்து மட்டும் அறிய இயலாது. சூழலிலிருந்துதான் உய்த்துணர வேண்டும்.

3. முன்னணை இருந்த இடம்

சூழலை அறிய நமக்குக் கிடைக்கும் முதற்சான்று முன்னணை. முன்னணை என்றவுடன் தனியே நின்ற தொழுவம் ஒன்றை நாம் கற்பனை செய்கிறோம். ஆனால் பண்டைய பாலஸ்தீன எளிய மக்கள் வாழ்வில் மனிதரும் கால்நடைகளும் ஒரே கூரையின்கீழ் இரவைக் கழித்தல் வழக்கமாயிருந்தது. எந்தோரிலிருந்த பெண்ணின் கொழுத்த கன்றுக்குட்டி அவளுடைய வீட்டிலேயே இருந்தது என்று திருமறை கூறுகிறது (1 சாமு. 28:24). இரும்புக் காலத்து இஸ்ரவேலர் வீடுகளின் அகழாய்வுகளும் தரைத்தளத்தின் ஒரு பகுதி கால்நடைகளுக்குப் பயன்பட்டதைக் காட்டுகின்றன.

புதிய ஏற்பாட்டிலும் குறிப்புகள் உண்டு. நள்ளிரவில் அப்பம் கேட்டு வந்த நண்பனுக்கு, தன் பிள்ளைகள் தன்னோடு படுத்திருப்பதால் எழுந்திருக்க இயலாதென்று வீட்டுக்காரன் மறுமொழி கூறுவது (11:7), குடும்பம் முழுதும் ஓரறையில் உறங்கிய வீட்டையே முன்னிறுத்துகிறது. தண்டின்மேல் வைத்த விளக்கு வீட்டிலுள்ள அனைவர்க்கும் வெளிச்சம் தரும் என்ற மலைப்பொழிவு வாக்கும் (மத். 5:15) அத்தகைய வீட்டிற்கே பொருந்தும். ஓய்வுநாளிலும் ஒவ்வொருவனும் தன் எருதையோ கழுதையையோ ‘பாத்னே’ என்னுமிடத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவான் என்று இயேசு கூறும்போது (13:15), பிறப்பு வரலாற்றில் முன்னணையைக் குறிக்கும் அதே கிரேக்கச் சொல்லே வருகிறது. முன்னணை என்பது சாதாரணக் குடும்பத்தின் அன்றாடப் பொருள்; எவரும் அதனை அறிவர்.

குழந்தையைத் துணிகளில் சுற்றுதலும் அவ்வாறே. இதனை ஏழ்மையின் அடையாளமாக, கந்தைத் துணியாக விளக்குவோர் உளர். ஆனால் பிறந்த பிள்ளையைத் துணியில் சுற்றாமல் விடுவதே கைவிடப்பட்டதன் அடையாளம் என்பதை எசேக்கியேல் 16:4 உணர்த்துகிறது. தள்ளுபடியாகமங்களில் ஒன்றாகிய சாலொமோனின் ஞானம் என்னும் நூலில் அரசனே தான் துணிகளில் சுற்றப்பட்டுப் பேணப்பட்டதாகக் கூறுகிறான் (7:4). தாயின் பராமரிப்பையே லூக்கா இங்குச் சுட்டுகிறார்.

பதினெட்டாம் வசனமும் நோக்கத்தக்கது. மேய்ப்பர் சொன்னவற்றைக் கேட்ட யாவரும் வியந்தனர். ஆளரவமற்ற தொழுவத்தில் தாயும் தந்தையும் சேயும் மட்டுமே இருந்திருப்பின் வியந்த அந்த ‘யாவரும்’ யார்? சுற்றிலும் மக்கள் வாழும் இடத்தில்தான் லூக்கா இக்காட்சியை அமைக்கிறார். மத்தேயுவும் சாஸ்திரிகள் பிள்ளையைக் கண்டது ஒரு வீட்டில் என்றே கூறுகிறார் (2:11). மத்தேயுவின் வரலாற்றை லூக்காவின் வரலாற்றோடு கலப்பது முறையன்று. ஆயினும் இரு மரபுகளும் இதில் முரண்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

4. மரபு வளர்ந்த விதம்

அவ்வாறாயின் தனித் தொழுவமும் குகையும் எங்கிருந்து வந்தன? இரண்டாம் நூற்றாண்டின் நடுவில், பாலஸ்தீன நாட்டு நெயாப்பொலியில் பிறந்தவரான இரத்தசாட்சி ஜஸ்டின், யோசேப்புக்கு ஊருக்குள் தங்க இடம் கிடைக்காமையால் அருகிலிருந்த குகையில் தங்கினார் என்று டிரைஃபோவுடனான தம் உரையாடலில் எழுதினார். அதே நூற்றாண்டில் தோன்றிய யாக்கோபின் முதல் நற்செய்தி என்னும் தள்ளுபடி நூல், ஊரை அடையுமுன்பே வழியிலுள்ள குகையில் பிறப்பு நிகழ்ந்ததாகக் கூறுகிறது. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன், பெத்லகேமில் குகையும் அதிலுள்ள முன்னணையும் காட்டப்படுவதைக் குறிப்பிடுகிறார். நான்காம் நூற்றாண்டில் கொன்ஸ்தந்தீன் அக்குகையின்மேல் ஆலயம் எழுப்பினார்.

குகை மரபை முற்றிலும் புனைவென்று தள்ளுதல் கூடாது. யூதேய மலைப்பகுதியில் குகையின் முன்புறத்தைச் சேர்த்து வீடு கட்டுதலும், குகையைப் பின்னறையாகவும் கால்நடைகளின் இடமாகவும் பயன்படுத்துதலும் உண்டு. குகையும் வீடும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ஆனால் ஊரார் இடமளிக்கவில்லை என்ற விளக்கம் லூக்காவின் வசனத்தில் இல்லாதது; பின்வந்தோர் அதனை அதற்குள் வாசித்தனர்.

மாடும் கழுதையும் வந்த வழி இன்னும் தெளிவு. மாடும் கழுதையும் தம் உடையவனையும் முன்னணையையும் அறிந்திருக்க, இஸ்ரவேல் அறியவில்லை என்ற ஏசாயா 1:3ஐத் திருச்சபை கிறிஸ்து பிறப்புடன் இணைத்துப் படித்தது. பிற்காலத்துப் போலி மத்தேயு நற்செய்தி அவ்விரு விலங்குகளையும் முன்னணையருகே நிறுத்தி வணங்கச் செய்தது. 1223இல் அசிசியின் பிரான்சிஸ் கிரேச்சியோவில் அமைத்த குடில் இக்காட்சியை மக்கள் மனத்தில் நிலைநாட்டியது. இவ்வளர்ச்சியில் பக்தியின் அழகு உண்டு. ஆனால் ஏசாயாவின் கண்டனம் யூதர்மீது மட்டும் திருப்பப்பட்ட ஆபத்தும் உண்டு. விலங்குகள் அறிந்தன, யூதர் அறியவில்லை என்று பேசிய அருளுரைகள் பல. தன் சொந்த மக்களை நோக்கி ஒரு தீர்க்கதரிசி விடுத்த அழைப்பை, வேறொரு மக்களைப் பழிக்கும் சொல்லாகத் திருச்சபை மாற்றிவிட்டது. ‘கல்நெஞ்சனாகிய சத்திரக்காரன்’ இப்பழியின் சிறிய உருவமே.

5. பெய்லியின் கருத்தும் அதன் எல்லையும்

எளிய குடியானவரின் வீட்டில் இயேசு பிறந்திருக்கலாம் என்ற எண்ணம் புதியதன்று. சிரியாவிலும் பாலஸ்தீனத்திலும் பணியாற்றிய வில்லியம் தாம்சன் 19ஆம் நூற்றாண்டிலேயே தம் நூலில் இதனைக் குறிப்பிட்டார். மத்தியக் கிழக்கில் நாற்பது ஆண்டுகள் கற்பித்த கென்னத் பெய்லி 1979இல் வெளியிட்ட கட்டுரையிலும், 2008இல் வெளிவந்த நூலிலும் இதனை விரிவாக வாதிட்டார். அவர் கருத்தின் சுருக்கம் இது: வீட்டின் ஒரு முனை தாழ்ந்த தளமாய்க் கால்நடைகளுக்கும், எஞ்சிய பகுதி உயர்ந்த தளமாய்க் குடும்பத்திற்கும் பயன்பட்டது; உயர்தளத்தின் ஓரத்தில் முன்னணைகள் குழிக்கப்பட்டிருந்தன; விருந்தினர் அறை தனியே இருந்தது. அவ்வறை ஏற்கெனவே நிறைந்திருந்தமையால், குடும்பத்தார் தாங்கள் வாழும் அறையிலேயே யோசேப்பையும் மரியாளையும் ஏற்றனர்.

பெய்லியின் பணி போற்றத்தக்கது. மேலைநாட்டார் கண்களால் மட்டும் திருமறையைப் படித்துப் பழகிய நம்மை அவர் கிராம வாழ்வினுள் அழைத்துச் செல்கிறார். ஆயினும் இரு குறைகளைச் சுட்டாதிருக்க இயலாது. முதலாவது, அண்மைக் காலக் கிராமங்களில் கண்டவற்றை முதல் நூற்றாண்டுக்கு நேரடியாகப் பொருத்துகிறார். கீழை நாடுகள் மாறுவதேயில்லை என்ற எண்ணத்தை நாமே ஏற்றுக்கொள்ளலாகாது. மேலே காட்டிய திருமறைச் சான்றுகளே இதற்கு வலுவான அடிப்படை. இரண்டாவது, அன்போடு ஏற்ற குடும்பத்தை அவர் வருணிக்கும்போது, மறுத்த சத்திரக்காரனைப் போலவே அதுவும் உரைப்பகுதிக்குப் புறம்பானது என்பதை மறந்துவிடுகிறார். லூக்கா மறுப்பையும் கூறவில்லை, விருந்தோம்பலையும் கூறவில்லை. 2010இல் ஸ்டீபன் கார்ல்சன் எழுதிய ஆய்வு, ‘கட்டாலுமா’வைப் பொதுவான தங்குமிடமாகவே கொண்டு, அவர்கள் தங்கியிருந்த இடத்தில் பிரசவத்திற்குப் போதிய இடம் இருக்கவில்லை என்று விளக்குகிறது. இதுவே வசனத்தின் சொற்களுக்கு மிக நெருக்கமானது. ஆனால் அத்தங்குமிடம் மணமக்களுக்கென வீட்டோடு சேர்த்துக் கட்டப்பட்ட அறை என்று அவர் மேலும் ஊகிப்பதை நாம் ஏற்கவேண்டிய கட்டாயமில்லை.

6. ‘சத்திரம்’ எழுப்பும் எண்ணங்கள்

மொழிபெயர்ப்பின் வரலாறும் இதில் பங்குகொண்டது. ஜெரோம் தம் இலத்தீன் பெயர்ப்பில் லூக்கா 2:7, 22:11 ஆகிய இரண்டிடத்தும் ஒரே சொல்லை வைத்து அவற்றின் தொடர்பைக் காத்தார். 1611ஆம் ஆண்டு ஆங்கிலப் பெயர்ப்பு முதலிடத்தில் விடுதி என்றும், பின்னதில் விருந்தினர் அறை என்றும் பிரித்தது. தமிழில் பழைய திருப்புதல் 2:7இலும், சமாரியன் உவமையிலும் ‘சத்திரம்’ என்றே வழங்கி, 22:11இல் ‘இடம்’ என்ற பொதுச்சொல்லை ஆள்கிறது. மூலத்தில் வேறுபட்டவை ஒன்றாகவும், ஒன்றானவை வேறாகவும் தமிழ் வாசகர்க்குத் தோன்றுகின்றன. 1995இல் வெளிவந்த திருவிவிலியமும் ‘விடுதி’ என்றே கொண்டது. எனினும் பழைய திருப்புதலுக்கு ஒரு புகழுரை உரியது: ஏசாயா 1:3இலும் லூக்கா 2:7இலும் ‘முன்னணை’ என்ற ஒரே சொல்லை வைத்து அவ்விரு பகுதிகளின் உறவை அது காத்துள்ளது.

சத்திரம் என்பது தமிழர்க்கு வெறும் வணிக விடுதியன்று. அறத்தின்பொருட்டு வழிப்போக்கர்க்கு இடமும் உணவும் அளித்த நிறுவனம் அது. அதே வேளையில் சாதி பார்த்து இடமளித்த சத்திரங்களும் நம் நாட்டில் இருந்தன. எனவே ‘சத்திரத்தில் இடமில்லை’ என்ற சொற்றொடர் ஒடுக்கப்பட்டோர் செவிகளில் மூலத்தில் இல்லாத ஒரு வலிமையுடன் ஒலித்தது. பொதுவிடங்களினின்று விலக்கப்பட்ட மக்கள், தம் ஆண்டவரும் அவ்வாறே விலக்கப்பட்டார் என்று கேட்டு ஆறுதல் பெற்றனர். அந்த ஆறுதலை இலக்கணக் குறிப்பு ஒன்றால் பறித்துவிடலாமா என்ற வினா நியாயமானது. இதற்கு விடை கூறாத திறனாய்வு திருச்சபைக்குப் பயன்படாது.

7. யார் குற்றவாளி?

விலக்கப்படுதலைப் பற்றிய செய்தி லூக்காவில் குறைவன்று. நாசரேத்தூரார் இயேசுவை ஊருக்குப் புறம்பே தள்ளினர் (4:29). சமாரியக் கிராமத்தார் அவரை ஏற்கவில்லை (9:53). மனுமகனுக்குத் தலைசாய்க்க இடமில்லை (9:58). மறுப்பு நிகழ்ந்த இடங்களில் லூக்கா அதனை வெளிப்படையாகவே கூறுகிறார். ஆகவே விலக்கப்பட்டோரின் நற்செய்தியை அறிவிக்க 2:7ஐ வலிந்து பொருள்கொள்ள வேண்டியதில்லை.

அதனினும் முதன்மையானது இது. இப்பகுதியில் கொடுமை உண்டு. ஆனால் லூக்கா அதற்கு உரியவரை முதல் வசனத்திலேயே பெயர் சொல்லிச் சுட்டிவிட்டார். நிறைகர்ப்பிணியான ஒரு பெண்ணை வழிநடையில் நிறுத்தியது அகுஸ்து இராயனின் கட்டளை. குடிமதிப்பு என்பது வரி விதிப்பதற்கான ஆயத்தம். அர்கெலாயு நீக்கப்பட்டு யூதேயா ரோம ஆட்சியின் நேரடி ஆளுகைக்குள் வந்தபோது, கி.பி. 6இல் சிரேனியு நடத்திய குடிமதிப்பையொட்டிக் கலிலேயனாகிய யூதா கிளர்ச்சி செய்ததை யோசேப்பஸ் விவரிக்கிறார், லூக்காவும் அதனை அறிந்திருந்தார் (அப். 5:37). ஏரோது கி.மு. 4இல் இறந்தமையால் 1:5ஐயும் 2:2ஐயும் கால வரிசையில் இணைத்தல் கடினம் என்பது நீண்டநாள் சிக்கல். அது எவ்வாறு தீர்ப்பினும், குடிமதிப்பு என்ற சொல் லூக்காவின் முதல் வாசகர்க்கு வரிச்சுமையையும் கிளர்ச்சியையும் நினைவூட்டியிருக்கும். கி.பி. 104இல் எகிப்தின் ஆளுநர் விபியு மாக்சிமு விடுத்த ஆணை, குடிமதிப்பிற்காக மக்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பவேண்டும் எனப் பணிக்கிறது. அரசின் கணக்கேட்டிற்காக ஏழை மக்கள் இடம்பெயர்க்கப்பட்டது அன்றைய நடைமுறை.

நம் அருளுரைகளோ சத்திரக்காரனைக் கூண்டில் நிறுத்திவிட்டு இராயனை விடுதலை செய்துவிடுகின்றன. ஒரு தனிமனிதனின் கல்நெஞ்சைப் பழிப்பது எளிது. மக்களை இடம்பெயரச் செய்யும் அதிகாரத்தைப் பெயர் சொல்லிச் சுட்டுவது கடினம். லூக்கா கடினமானதைச் செய்தார். கதவு அடைத்த ஒருவனுக்குப் பதிலாக, நெருக்கடியான ஓர் இடத்தில் கைக்கெட்டிய முன்னணையில் பிள்ளையைக் கிடத்திய ஏழைத் தாயை அவர் காட்டுகிறார். மேய்ப்பருக்கு அந்த முன்னணை அடையாளமாகக் கொடுக்கப்பட்டதும் (2:12) இதனாலேயே பொருள் பெறுகிறது. அரண்மனையில் அவர்களுக்கு இடமில்லை; முன்னணை உள்ள இடத்தில் அவர்கள் தயங்காது நுழையலாம். மெசியா ஏழைகளால் தள்ளப்பட்டவரல்லர். ஏழைகளின் நடுவே, அவர்கள் இட நெருக்கடியைப் பகிர்ந்துகொண்டு பிறந்தவர். ஒடுக்கப்பட்டோர்க்கு இச்செய்தி முன்னதினும் குறைந்த ஆறுதல் அன்று.

எனவே இனிவரும் தமிழ்ப் பெயர்ப்புகள் 2:7இல் ‘தங்குமிடம்’ என்ற சொல்லை ஆளுதல் நன்று; 22:11இலும் அதுவே நிற்குமாயின் லூக்காவின் அமைப்பு தமிழில் விளங்கும். பிறந்தபோது எந்தத் தங்குமிடத்தில் அவருக்கு இடம் போதவில்லையோ, அச்சொல்லாலேயே குறிக்கப்பட்ட இடத்தில், மரிக்கும் முன்னிரவு அவர் தாமே விருந்தளிப்பவராய் அமர்ந்து சீடர்க்கு அப்பத்தைப் பகிர்ந்தளித்தார். திருவிருந்துப் பந்தியருகே நின்று கிறிஸ்து பிறப்பின் அருளுரையை ஆற்றும் போதகர், இவ்விரு அதிகாரங்களையும் சேர்த்துப் படிப்பாராக.